நோ பார்க்கிங்கில் நிற்கும் வண்டி: போக்குவரத்து வார்டன் என்ன செய்யலாம்?

போன மாதம் ஒரு மருத்துவமனை வாசலில் பார்த்தது. சக்கர நாற்காலி ஏற்றும் சரிவுப் பாதையின் குறுக்கே ஒரு ஸ்கூட்டர். வார்டன் விசில் ஊதியும் ஓட்டி வந்தவர், "ரெண்டே நிமிஷம்" என்று மருந்துக் கடைக்குள் போய்விட்டார். பின்னால் நாற்காலியில் ஒரு பாட்டி காத்திருந்தார். "காத்தைப் பிடுங்கி விடுங்க சார்" என்றார் பக்கத்தில் நின்றவர். வார்டன் செய்யவில்லை. அவர் நடந்துகொண்டதுதான் சரி.

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் வார்டன்கள் என்பவர்கள் போக்குவரத்துப் போலீசுக்குத் துணை நிற்கும் தன்னார்வலர்கள். தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் வெயிலில் வந்து நிற்கிறவர்கள். ஆனால் அவர்கள் போலீஸ் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 127 இதில் தெளிவாக இருக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். அதற்கு உத்தரவிட வேண்டியவர் அந்தப் பகுதிக்கு அதிகாரமுள்ள, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி. டோயிங் வண்டியில் வரும் ஆட்களும் தாங்களாகவே தூக்கிவிட முடியாது. இழுத்த கூலி உரிமையாளர் தலையில்தான்; அபராதம் தனி.

அபராதத்துக்குப் பெரும்பாலும் பிரிவு 177. முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி மாட்டினால் 1,500 ரூபாய் வரை. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் பிரிவு 201 இருக்கிறது. ஆனால் வண்டி எதிர்பாராமல் பழுதாகி, அதை அப்புறப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தால் 201 பொருந்தாது. பஞ்சராகி நிற்பவர்கள் பயப்படாமல் இதைச் சொல்லலாம்.

டயரில் காற்றை இறக்கவோ சாவியைப் பிடுங்கவோ இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. வார்டன் கையில் பணமும் கொடுக்காதீர்கள். அபராதம் என்றால் போலீஸ் போடும் சலான் வேண்டும்.

அப்படியானால் வார்டனால் என்ன பயன்? நிறைய இருக்கிறது. அன்று அவர் நம்பர் பிளேட்டும் தடைப் பலகையும் ஒரே படத்தில் விழும்படி போனில் எடுத்து, சிக்னலில் இருந்த எஸ்.ஐ.க்கு அனுப்பினார். எஸ்.ஐ. வந்து சலான் போட்டார். அதற்குள் வார்டனும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாட்டியை நாற்காலியோடு தூக்கி, படி வழியாக உள்ளே சேர்த்திருந்தோம்.