'தௌ' என்றால் 'தாங்கள்' இல்லை

மொழிபெயர்ப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. சமீபத்தில் வந்த ஒரு பழைய ஆங்கில நாடகத்தின் தமிழ்ப் பிரதியில் எஜமானன் வேலைக்காரனைத் திட்டுகிறான்: "தாங்கள் ஒரு மடையர்!" மூலத்தைப் புரட்டினேன். நினைத்தபடியே 'தௌ' (thou), எதிரில் இருப்பவரை அழைக்கும் பழைய ஆங்கிலச் சொல். சிரிக்கவும் முடியவில்லை, நானும் பல வருடம் அதை மரியாதைச் சொல் என்றுதான் நம்பியிருந்தேன்.

உண்மையில் தௌ நம்முடைய 'நீ'. 'யூ' (you)தான் 'நீங்கள்'. 1603-ல் வால்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து 'துரோகி, உன்னை தௌ என்றுதான் சொல்வேன்' என்கிற மாதிரி சீறினார். நம் ஊரில் 'நீ, வா, போ' என்று இறங்கிப் பேசுவார்களே, அது. பிற்பாடு எல்லா மனிதரும் சமம் என்று சொன்ன குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பெரிய மனிதர்களையும் தௌ என்றே அழைத்து அடி வாங்கியிருக்கிறார்கள்.

குழப்பம் 1611-ல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளிலிருந்து வருகிறது. எபிரேய, கிரேக்க மூலங்களில் ஒருமை எங்கே வந்ததோ அங்கெல்லாம் தௌ; கடவுளுக்கும் அதே, சாத்தானுக்கும் அதே. தெருப்பேச்சில் அந்தச் சொல் செத்து, ஜெபத்திலும் கவிதையிலும் மட்டும் தங்கியதால் அதற்குச் சாம்பிராணி வாசனை ஏறிவிட்டது. தமிழ் வேதாகமமோ கடவுளை 'நீர்' என்கிறது. நம் காதுக்குச் சந்தேகமே வராது.

ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகத்தில் ஓர் இடம் பாருங்கள். அம்மா கெர்ட்ரூட் மகனிடம், உன் அப்பாவை நீ ரொம்பப் புண்படுத்திவிட்டாய் என்கிறாள். தௌ. அவள் சொல்லும் அப்பா, இரண்டாம் கணவன். மகன் செத்துப்போன அப்பாவை நினைத்து, அதே வாக்கியத்தைத் திருப்பி அடிக்கிறான்: அம்மா, என் அப்பாவை நீங்கள்தான் புண்படுத்தினீர்கள். யூ. அடுத்த வரியில் அம்மாவும் யூவுக்கு மாறிவிடுகிறாள். கோபம் வந்தால் பெற்ற பிள்ளையையே 'நீங்க ரொம்பப் பேசறீங்க' என்கிற அம்மாக்களை நமக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் 'தாங்கள்' ஆக்கினால் இந்தச் சண்டையே காணாமல் போய்விடும்.

அதனால் இப்போதெல்லாம் பேனாவை எடுக்குமுன் மூலத்தில் தௌவுக்குச் சிவப்பு, யூவுக்கு நீலம் என்று கோடு போட்டுவிடுகிறேன். அந்த நாடகத்தில் கடைசிக் காட்சி வரை வேலைக்காரன் பேச்சில் நீலம்தான். அங்கே ஒரே ஒரு சிவப்பு. எஜமானனைப் பார்த்து, முதல்முறையாக, 'நீ'. மொழிபெயர்ப்பாளர் அங்கேயும் 'தாங்கள்' என்றே போட்டிருந்தார்.