வாயால் ஊதிப் பார்த்து ஏர் பில்டர் வாங்குகிறவர்களுக்கு

சங்ககிரியில் லாரி இன்ஜின் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு டிப்பர் வந்தது. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசாகப் போட்டு நானே அனுப்பிய வண்டி. பதினோரு மாதம்கூட ஆகவில்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறது, முழு பேக் கம்ப்ரஷன்; அதாவது எரிகிற புகை பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. ஓனர் என்னைத்தான் முறைத்தார். "ஏனுங்க, நீங்க போட்ட ரிங்கு சரியில்லீங்களா?"

பதில் சொல்லாமல், ஏர் பில்டரிலிருந்து, இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடைத்து அவரிடம் நீட்டினேன். திருநீற்றைத் தொட்ட மாதிரி விரல் முழுக்க, கல் உடைக்கிற கிரஷர் தூசி. பில்டரைத் தாண்டிய இடம் அது. அங்கே விட்ட விரல் சுத்தமாகத்தான் வெளியே வரவேண்டும்.

பில்டரை உருவினேன். வண்டிக் கம்பெனி பில்டர் விலையில் பாதிகூட இருக்காது. ஏன் இதை வாங்கினாய் என்று டிரைவர் தம்பியைக் கேட்டால் பெருமையாகச் சொல்கிறான்: "வாய் வச்சு ஊதிப் பாத்தேண்ணா. காத்து சும்மா சல்லுனு போச்சு."

டீ வடிகட்டியில்கூடத்தான் காற்று சல்லென்று போகும். அதை எடுத்து மாட்டுவோமா?

இந்த வருஷம் இப்படி வந்த நாலாவது இன்ஜின் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காற்று தாராளமாகப் போனால் பிக்கப் கூடும், மைலேஜ் கூடும் என்கிற நம்பிக்கை பைக் பசங்களிடமிருந்து லாரிக்கு வந்துவிட்டது. டீசல் இன்ஜின் எப்போதுமே எரிப்பதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகத்தான் காற்றை இழுக்கிறது. இழுவை எவ்வளவு என்பதை முடிவு செய்வது தெளிக்கிற டீசல். பில்டர் அடைத்துப்போனால் இழுவை குறையும், கரும்புகை வரும், அது சரி. ஆனால் நல்ல புது பில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டை பில்டர் போட்டால் ஒரு குதிரைத் திறன்கூட ஏறாது. எண்ணெய் தடவிக் கழுவிக் கழுவிப் போடுகிற பருத்தி பில்டரையும் இதே ஆசையில்தான் வாங்குகிறார்கள். கிரஷர் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். காற்றை அளக்கிற சென்சார் உள்ள வண்டியென்றால், அந்த எண்ணெய் சென்சாரில் படிந்தால் தனித் தலைவலி.

ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் அடிக்கிறீர்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காற்றோடு போகிற கல்மாவு, பிஸ்டன் ஓடுகிற லைனரையும் ரிங்கையும் தேய்த்தே தின்றுவிடும்.

வண்டிக் கம்பெனி பெயர் இல்லாத பில்டரே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வண்டிக் கம்பெனிகளுக்கே பில்டர் செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள், நானே போடுகிறேன். பில்டர் எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது என்று அளக்கிற ஐஎஸ்ஓ 5011 டெஸ்ட்டில் எத்தனை சதவீதம் என்று கடையில் கேளுங்கள். 99 என்றால் பிரமாதமாகத் தோன்றும். ஒரு கிலோ தூசியில் 10 கிராம் உள்ளே போகிறது என்று அர்த்தம். 99.9 என்றால் 1 கிராம். பத்து மடங்கு வித்தியாசம்! கடைக்காரர் விழித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

பழைய பில்டரைக் கையோடு கொண்டுபோய் நீளம், வாய் அகலம், ரப்பர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த டிப்பரில் பேப்பர்கூடக் கிழியவில்லை. நீளம் ஒரு விரற்கடை குறைச்சல், ரப்பர் சீட்டில் உட்காரவே இல்லை. தூசி பில்டருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. மாட்டும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். லொடலொடவென்று நுழைந்தால் திருப்பிக் கொடுங்கள். கிரீஸ் தடவிச் சமாளிக்காதீர்கள். பேப்பர் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, பில்டரைச் சுத்தம் செய்ய ஏர் அடிப்பது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் 120 பி.எஸ்.ஐ. வைத்து அடித்தால் பேப்பர் கிழியும். கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் உள்ளே பல்பை விட்டுப் பாருங்கள், ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். டயரில் தட்டுவதும் கூடாது, விளிம்பு நெளிந்துவிடும். தினமும் திறந்து சுத்தம் செய்கிறேன் என்பவர்களைக் கண்டால் பயம்தான் வருகிறது. மேலே லேசாகத் தூசி படிந்த பில்டர், புது பில்டரைவிட நன்றாகத் தடுக்கும். ஏர் கிளீனரில் இருக்கும் இண்டிகேட்டர் சிவப்பு காட்டினால் மாற்றுங்கள், அதற்கு முன் கை வைக்காதீர்கள். பெரிய பில்டருக்கு உள்ளே இரண்டாவது காவலாக இருக்கிற சின்ன பில்டருக்கு ஏர் அடிக்கவே கூடாது, மாற்ற மட்டும்தான். இந்த டிப்பரில் அது இல்லவே இல்லை. "காத்தை அடைக்குதுன்னு கழட்டிட்டோம்ணா."

ஓனர் அண்ணன்மாரே, தயவுசெய்து பில்டருக்கு ஆகிற காசை டிரைவர் பேட்டாவோடு சேர்த்துக் கொடுத்து 'பாத்து வாங்கிக்கோ' என்று விடாதீர்கள். இன்றைக்கே பில்டரிலிருந்து டர்போவுக்குப் போகிற அந்த ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். தூசி ஒட்டினால் அடுத்த லோடு ஏற்றாமல் நேராக வொர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.