பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) டீசல் எஞ்சின் போட்டாயிற்று; பதிவேட்டில் மாற்றினீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பழைய பெட்ரோல் டொயோட்டா ஹைலக்ஸில் டீசல் எஞ்சின் பொருத்துபவர்கள், வண்டி ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். எஞ்சின் நம்பரும் எரிபொருள் வகையும் நேட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவேட்டில் இருக்கின்றன. வண்டியும் பதிவேடும் ஒத்துப்போகாவிட்டால் விற்கும்போது சிக்கல், விபத்து என்றால் காப்பீட்டிலும் சிக்கல்.

முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் பில். "ஒரு டீசல் எஞ்சின்" என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது. எஞ்சின் நம்பர், விற்றவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய பொருள் விற்பவர்கள் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆகவே கேட்கத் தயங்காதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினா? எஸ்.ஏ.டி. 500 சுங்கப் படிவத்தின் நகலையும் கேளுங்கள். "அடுத்த வாரம் தருகிறேன்" என்றால், பணத்தையும் அடுத்த வாரமே கொடுங்கள்.

அடுத்தது, எஞ்சின் பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பர். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்க கிரைண்டர், உப்புத்தாள், கம்பி பிரஷ் எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். டிகிரீசரும் துணியும் போதும். கீறல் விழுந்தால் நம்பரைத் திருத்தியதாகவே சந்தேகம் வரும். 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 68ஆம் பிரிவுப்படி, நம்பர் சிதைந்த வண்டியைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதே குற்றம். நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவரின் வண்டியும் போலீஸ் வளாகத்தில் நிற்க நேரிடும். எஞ்சினை வண்டியில் பொருத்துமுன் நம்பரைப் படமெடுத்து, பெயின்ட் அடிக்காமல் விடுங்கள்.

அலைச்சல் தொடங்குவது, பதிவேட்டை மாற்றத் தேவையான போலீஸ் கிளியரன்ஸில்தான். பக்கத்துக் காவல் நிலையத்தில் அது கிடைக்காது. வாகன அடையாளப் பிரிவுதான் வண்டியைப் பார்க்கும். போலீஸ் கிளியரன்ஸ் கோரும் ஆர்.பி.சி. படிவம் இல்லாமல் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்து நிலையம் உதவுவது ஒன்றுக்குத்தான்: எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இலவசமாகச் சான்றொப்பமிட்டுத் தருவார்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, பதிவுச் சான்றிதழ், பில் எல்லாவற்றுக்கும் அசலோடு நகலும் எடுத்துப் போங்கள். எந்தக் கவுண்டரிலும் ஒரே தடவையில் முழுப் பட்டியலையும் சொல்லமாட்டார்கள்; நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டிமேல் வங்கிக் கடன் இருந்தால் உரிமைப் பெயர் வங்கியுடையது, பதிவுச் சான்றிதழும் அவர்களிடம். எஞ்சின் வாங்குமுன்பே அவர்களிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள்.

டீசல் எஞ்சின் கனமானது. வெற்று எடை மாறியிருந்தால் எடைமேடைச் சான்றும் வேண்டும். ஆண்டு லைசென்ஸ் கட்டணம் அந்த எடையைப் பொறுத்தது. ரோட்வொர்தி (சாலைத் தகுதி) சோதனையில் பலர் மாட்டுவது பிரேக்கில். பெட்ரோல் எஞ்சினின் மேனிஃபோல்டில் கிடைக்கும் வெற்றிடம் டீசலில் கிடையாது. அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் வாக்வம் பம்ப் இல்லாமல் போட்டால், பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாக இருக்கும். டொயோட்டாவின் எல் வரிசை எஞ்சின்களில் இந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். எஞ்சின் வாங்கும்போது ஆல்டர்னேட்டரையும் சேர்த்தே வாங்குங்கள்.

கழற்றிய பழைய எஞ்சினை விற்றால், அதன் நம்பரோடு பில் எழுதி, வாங்கியவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வையுங்கள். பதிவேடு மாறும்வரை அந்த நம்பர் உங்கள் வண்டியின் பேரில்தான் இருக்கிறது.