மைக்குக்கும் வாய்க்கும் இடையில்

1924 ஜனவரி 15 அன்று லண்டனிலிருந்து பிபிசி ஒலிபரப்பிய ஒரு நாடகம், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் நடக்கிறது. தொடங்கியதுமே விளக்குகள் அணைந்துவிடும். வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் அதுவும் ஒன்று. கேட்பவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது, சரி, பாத்திரங்களுக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் அதை எழுதிய ரிச்சர்ட் ஹியூஸ். அருமையான யோசனைதான். ஆனால் எல்லாக் கதைகளையும் இருட்டிலேயே நடத்த முடியாதே! பட்டப்பகலில் நடக்கும் கதையைக் காதுக்குக் காட்டும் வித்தையை, அடுத்து வந்த ஆண்டுகளில் வானொலிக்காரர்கள் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள்.

அந்த வித்தை என்றதும் எல்லோரும் கொட்டாங்குச்சியைச் சொல்வார்கள். இரண்டு மூடிகளைத் தட்டினால் குதிரை ஓடும். செலோபேன் தாளை மைக் அருகே கசக்கினால் தீ எரியும். சோளமாவுப் பையை அமுக்கினால் பனியில் யாரோ நடப்பார்கள். நிஜ ஒலியையே பயன்படுத்தியிருக்கலாமே என்று தோன்றும். நிஜத் துப்பாக்கி வெடித்தால் அன்றைய மைக் அதைத் தாங்காது. சத்தம் சிதைந்துதான் போகும். அதனால் தோல் மெத்தையைக் குச்சியால் ஓங்கி அடித்தார்கள். தவிர, மத்திய அலை வானொலியில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த சுருதி ஒலி பெரும்பாலும் வீடு வந்து சேராது. அப்படி நுணுக்கங்கள் உதிர்ந்தபின் மிஞ்சுவது தாளமும், ஒலி சட்டென்று எழுந்து அடங்கும் விதமும்தான். மூளைக்கு அதுவே போதும். ஒழுங்கில்லாத சின்னச் சின்ன வெடிப்புகளைக் கேட்டால், கதையில் விறகு இருக்கும்வரை, அது தீ என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விடப் பெரிய வேலையைச் செய்தது தூரம். 1930களில் அமெரிக்க ஸ்டூடியோக்களில் ஆர்சிஏ நிறுவனத்தின் ரிப்பன் மைக்குகள் வந்தன. காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று தொங்கும். முன்னாலும் பின்னாலும் வரும் ஒலிக்கு அது அசையும். பக்கவாட்டில் கிட்டத்தட்டச் செவிடு. நடிகர்கள் இந்தச் செவிட்டுப் பக்கத்தை அழகாகப் பயன்படுத்தினார்கள். அங்கே நின்று பேசினால் குரல் நேராக மைக்கில் விழாது. சுவர்களில் பட்டுத் திரும்புவது மட்டும் விழும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் எங்கோ கூடத்தின் கோடியிலிருந்து கூப்பிடுவதுபோல் கேட்கும். பேசிக்கொண்டே இரண்டடி எடுத்து மைக்கின் முன்னால் வந்தால் போதும், ஆள் அறைக்குள் நுழைந்துவிட்டார்!

இதன் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் நேரடி ஒலியின் செறிவு நான்கு மடங்காகும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான் ஒருவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதை மூளை கணிக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. ரிப்பன் அசைவது அதன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டால். வாய் மிக அருகில் வந்தால் தாழ்ந்த சுருதிகளில் அந்த வேறுபாடு கூடிவிடும். குரல் கனத்து, காதோரம் யாரோ முணுமுணுப்பதுபோல் ஆகும். அதே நடிகர், அதே வசனம். சற்றே முன்னால் சாய்ந்தால் அது அவருடைய மனக்குரல்.

ஒலியே இல்லாததையும் பயன்படுத்தினார்கள். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நடத்திய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகத்தில், செய்தியாளராக நடித்தவர் ஃபிராங்க் ரெடிக். முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான நேரடி வர்ணனையைக் கேட்டுத் தயாராகி வந்து நடித்தார். கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே அவர் பதறிப் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எல்லாம் நின்றுவிடும். அலறல்கூட இருக்காது. இணைப்பு அறுந்தால் வானொலி எப்படி மௌனமாகுமோ அப்படி ஒரு மௌனம். நாடகத்தை நிஜமென்று நம்பி நாடே பீதியில் ஓடியது என்பது பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கதை. ஆனாலும் அந்தச் சில விநாடிகளை இன்று கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்தக் காலப் பதிவுகள் இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன. கேட்பதானால் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். அவை ஒற்றைத்தட (மோனோ) ஒலிப்பதிவுகள்; அதில் இடது, வலது கிடையாது. அருகும் தொலைவும் மட்டுமே உண்டு. ஹெட்போனில் எல்லோரும் உங்கள் மண்டைக்குள் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அறையின் மறுபக்கம் வைத்துக் கேளுங்கள், யார் கதவருகே நிற்கிறார், யார் கிட்டே வருகிறார் என்பது தானாகப் புரியும்.