பில் இல்லாத விதையை மண்ணில் போடாதீங்க

போன வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் சின்ன பாலித்தீன் பை ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே கத்தரி விதை. பையில் ரகத்தின் பெயர் இல்லை, லாட் நம்பர் இல்லை, முளைப்புத்திறன் பற்றி ஒரு வரி இல்லை. “புழுவே விழாதுன்னாங்க சார், மருந்தே அடிக்க வேணாமாம்” என்றார். பில் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிகிறார். அதற்குள் பாதி விதை நாற்றங்காலில் முளைத்துவிட்டது.

பட்டத்துக்குப் பட்டம் யாராவது இப்படி வந்து நிற்கிறார்கள். பயிர் ஆலோசகனாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அது மரபணு மாற்றிய விதையா என்று பார்க்க, நாற்றின் இலையைக் கசக்கிக் கரைசலில் விட்டு, சோதனைப் பட்டையை முக்கினோம். மரபணு மாற்றத்தால் செடியில் உண்டாகும், புழுவைக் கொல்லும் பி.டி. புரதம் இருந்தால் இரண்டு கோடு விழும். விழுந்தது ஒன்றுதான். சாதாரண விதையைப் பல மடங்கு விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பணம்தானே போனது என்று நிம்மதிப்பட்டேன். இரண்டு கோடு விழுந்திருந்தால் விஷயமே வேறு.

இந்தியாவில் விவசாயி வயலில் பயிரிட அனுமதி பெற்று விற்பனையில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி மட்டும்தான். அனுமதி கிடைத்தது 2002இல். பி.டி. கத்தரிக்கு 2009இல் மத்திய மதிப்பீட்டுக் குழுவான ஜி.இ.ஏ.சி. பச்சைக்கொடி காட்டியது. ஆனால் 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. அப்படியிருந்தும் 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் ஒரு வயலில் பி.டி. கத்தரி கண்டுபிடிக்கப்பட்டு, பயிரை அழிக்க வேண்டியதாயிற்று. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி என்று சொல்லி விற்கிறார்களே, அதற்கும் அனுமதி கிடையாது.

இந்த அனுமதியை வேளாண் அலுவலகம் தர முடியாது. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள்தான் இதைத் தீர்மானிக்கின்றன. அதே விதிகளின்படி மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. நான் பேசிப் பார்த்த விதைக் கடைக்காரர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இன்னொரு பக்கம், பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள். உழவர் சந்தையில் பளபளப்பான கத்தரியைப் பார்த்தால், “இது ஜீன் மாத்தினது, வேணாம்” என்று படித்தவர்களே நகர்ந்துவிடுகிறார்கள். ஐயா, அது ஹைபிரிட். ஒரு ரகத்தின் மொட்டை மாலையில் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் காலை இன்னொரு கத்தரி ரகத்தின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். கத்தரிக்கும் கத்தரிக்கும் நடக்கும் கலப்பு அது. ரெட் லேடி பப்பாளியும் ஹைபிரிட்தான். விதையில்லாத் தர்பூசணி, கெட்டித் தோல் தக்காளி எதிலும் வேற்று உயிரின் மரபணு கிடையாது. பி.டி. பயிரில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஆய்வகத்தில் நுழைத்திருப்பார்கள். 1989 விதிகள் கட்டுப்படுத்துவது இதை. “மரபணு மாற்று விதை மலடு, மறுபடி முளைக்காது” என்பதும் தப்பு. அது முளைக்கும், பூக்கும், மகரந்தம் பரப்பும். கவலையே அதனால்தான். (மரபணு திருத்திய நெல் 2025இல் அறிவிக்கப்பட்டதே என்று கேட்பீர்கள். வேற்று மரபணு சேர்க்காத திருத்தங்களுக்கு 2022இல் தனி விலக்கு கொடுத்தார்கள். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.)

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கத்தரி பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்ளும் பயிர்தான், ஆனால் தேனீயும் வண்டும் பக்கத்து வயல் மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். நீங்கள் நிறுத்திவைத்த விதைப் பழத்தில் எது கலந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கும் வராது. அடுத்த வருஷம் அதே விதை பத்து வீட்டுக்குக் கைமாறிப் போன பிறகு எந்த அதிகாரி வந்து திரும்பப் பொறுக்குவது? அதனால்தான் அரசு அனுமதித்த சோதனை வயலிலேயே இடைவெளி விடச் சொல்கிறார்கள். அறுவடைக்குப் பின் செடிகளை அழித்து, தானாக முளைப்பதையும் பிடுங்கச் சொல்கிறார்கள்.

உரிமம் உள்ள கடையில் மட்டும் விதை வாங்குங்க. பில்லில் ரகம், லாட் நம்பர் எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தால் வெளியே வந்துடுங்க. காலிப் பாக்கெட்டையும் கொஞ்சம் விதையையும் அறுவடை முடியும்வரை எடுத்து வையுங்க. “புழு வராது”, “களைக்கொல்லிக்குச் சாகாது” என்று யாராவது ஆசை காட்டினால், விதைப்பதற்கு முன்னால் வேளாண் விரிவாக்க மையத்திலோ விதை ஆய்வாளரிடமோ காட்டுங்க. விதைத்த பிறகு வந்து என்னிடம் அழுது பிரயோஜனமில்லை. காய்ப்புழுவுக்கு வாடிய நுனிகளைக் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது என்று வழி இருக்கிறது.

இலவம்பாடி விவசாயிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். விதைக்கென்று விடும் செடிகளுக்கு 200 மீட்டர் சுற்றளவில் வேறு கத்தரி இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் அந்த வருஷம் அங்கே விதை எடுக்காதீங்க. சந்தேகமில்லாத பழைய விதையில் கொஞ்சத்தை நன்றாகக் காயவைத்து, வீட்டில் தனி டப்பாவில் மூடி வையுங்க.