குழந்தைக்கு விடாத வலிப்பும் மூச்சுத் திணறலுமா? நீலகிரிப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியவை

பிறந்த சில நாட்களிலேயே மருந்துக்கு அடங்காத வலிப்பு, விட்டு விட்டு நின்றுபோகும் மூச்சு, பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடப்பது. இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்குக் காரணம் பரம்பரையாக வரும் அரிய கோளாறு. ஊட்டியிலோ கூடலூரிலோ இருக்கும் பெற்றோர் காதில் முதலில் விழுவது "அரசு 50 லட்சம் தருதாம்" என்ற செய்திதான். அது உண்மை. ஆனால் கிடைக்கும் வழி வேறு.

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. உதவியின் உச்சவரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாயானது. பணம் பெற்றோர் கைக்கு வராது. அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையத்துக்குப் போய், அங்கே குழந்தையின் சிகிச்சைக்குச் செலவாகும். தமிழ்நாட்டில் அந்த மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும்தான் உதவி. யூரியா சுழற்சிக் கோளாறு (உடலில் அம்மோனியா தேங்குவது), கரிம அமிலக் கோளாறுகள் (ரத்தத்தில் சில அமிலங்கள் தேங்குவது), எஸ்.எம்.ஏ. (தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழப்பது) போன்றவை அதில் உண்டு. மருந்தே இல்லாத நோயாக இருந்தால் இந்தத் திட்டத்தால் பெரிய பலன் இல்லை. இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆக, நோயின் பெயர் தெரிந்தாக வேண்டும். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் காயவைத்து கூரியரில் அனுப்பினாலே பல வளர்சிதைமாற்றக் கோளாறுகளுக்கு (உணவை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத நோய்கள்) முதற்கட்டச் சோதனை நடந்துவிடும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை அதற்காக மலையிறக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு பயோட்டின், பிரிடாக்சின் சார்ந்த வலிப்புக்கு பி6 என்று வெறும் வைட்டமினுக்கே அடங்கும் நோய்களும் இதில் இருக்கின்றன. தாமதித்தால் மூளையில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்ய முடியாது.

குழந்தை பிழைப்பது கடினம் என்று சொல்லிவிட்டாலும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இதைக் கேட்க எந்தத் தாய்க்கும் மனம் வராது, தெரியும். கூட இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ கேட்கலாம். இந்த நோய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோர் இருவரும், தங்களுக்கு நோய் இல்லாமலே, பிழையுள்ள மரபணுவைச் சுமப்பவர்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் இது கூடுதல். இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். மாறுபட்ட மரபணு எது என்று தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11ஆம் வாரத்தை ஒட்டிச் சோதித்துப் பார்க்க முடியும்.

பெயர் தெரியும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். மாற்றுத்திறனாளி சான்றுக்கு நோயின் பெயரைவிட, குழந்தைக்கு எவ்வளவு பாதிப்பு என்பதே முக்கியம். வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் அறிவுசார் குறைபாட்டுக்கான தற்காலிகச் சான்று கேட்கலாம், யுடிஐடி அட்டைக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) பதியலாம். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். விண்ணப்பத்தை ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. புறநோயாளி செலவும் பயிற்சிச் (தெரபி) செலவும் இதில் அடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எழும்பூர் பயணம். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். எழும்பூர் மருத்துவமனை அங்கிருந்து பக்கம்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு), ஸ்கேன், முன்பு இறந்த குழந்தை இருந்தால் அதன் காகிதங்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். வலிப்பு வரும்போது போனில் வீடியோ எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். மருத்துவர் முன் அந்த நேரத்தில் வலிப்பு வராமலே போகலாம்.