நாற்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு வரும் சுவர்

மெத்தாம்பெட்டமைன், சுருக்கமாக மெத், என்ற போதைப்பொருளை விட்டவருக்கு முதல் இரண்டு வாரம் படுமோசம். நாள் முழுக்கத் தூக்கம், அகோரப் பசி, எதைப் பார்த்தாலும் எரிச்சல், உயிரையே வெறுக்கும் அளவுக்குச் சோர்வு. தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடிய நாட்கள் இவை. ஆளைத் தனியாக விடக்கூடாது, மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் ஒரு மாதம் அருமையாகப் போகும். முகத்தில் சதை பிடிக்கும், சிரிப்பு திரும்பும். பிறகு, ஒன்றரை மாதம் ஆனதும், வெளியில் ஒரு காரணமும் தெரியாமல் எல்லாம் சப்பென்று போய்விடும்.

1980களில் அமெரிக்காவில் உருவான ‘மேட்ரிக்ஸ்’ என்னும் சிகிச்சை முறையில் இந்தக் கட்டத்துக்குப் பெயரே ‘சுவர்’. சுமார் 45ஆம் நாள் தொடங்கி 120ஆம் நாள் வரை நீளும். தப்பித்துவிட்டார் என்று எல்லோரும் நம்பத் தொடங்கும்போதுதான் சுவர் எதிரே வந்து நிற்கிறது. இதை மனவலிமைக் குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். மூளைக்குள் என்ன உடைந்தது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

நரம்புச் செல் ஒன்று அடுத்ததற்குச் செய்தி சொல்ல டோபமைன் என்ற ரசாயனத்தைச் சிறிது கசியவிடுகிறது. செய்தி சேர்ந்ததும், செல்லின் வாசலில் இருக்கும் புரதப் பம்பு அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே சின்னச் சின்னப் பைகளில் அது சேமிக்கப்படும். கொக்கெய்ன் அந்தப் பம்பை அடைத்துக்கொண்டு உட்காருகிறது, அவ்வளவுதான். மெத் செய்வது அதைவிட மோசம். அதே பம்பின் வழியாக உள்ளே நுழைந்து, பைகளில் இருப்பதைக் கவிழ்த்துவிட்டு, டோபமைனைச் சிதைக்கும் நொதியின் கையையும் கட்டிப்போட்டு, பம்பையே தலைகீழாக ஓடவைக்கிறது. இழுக்க வேண்டிய பம்பு வெளியே கொட்டுகிறது. எலிகளின் மூளையில் அளந்தபோது, உணவு டோபமைனைச் சாதாரண அளவைப் போல் ஒன்றரை மடங்காக்கியது. மெத் பத்து மடங்குக்கும் மேல் கொண்டுபோனது. இரத்தத்தில் கொக்கெய்ன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். மெத்துக்கு 10, 12 மணி நேரம் வேண்டும்.

டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவது பத்திரிகைகளுக்குப் பழகிப்போன சௌகரியம். ‘இது முக்கியம், குறித்துக்கொள், மறுபடி செய்’ என்று மூளை தனக்குத்தானே போடும் அடிக்கோடு அது. பத்து மடங்கு தடிமனில் ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடு போட்டால், பக்கத்தில் இருக்கும் மற்ற எழுத்தெல்லாம் மங்கித்தான் தெரியும்.

மெத் மருந்தாகத்தான் பிறந்தது. 1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி, எபெட்ரின் என்ற தாவர வேதிப்பொருளிலிருந்து இதைத் தயாரித்தார். 1919இல் அகிரா ஒகாட்டா படிகமாக்கினார். 1938இல் ஜெர்மனியில் ‘பெர்விடின்’ என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களைத் தூங்காமல் நடக்கவைத்தது. ஜப்பானும் தன் படைகளுக்குக் கொடுத்தது. போருக்குப் பின் அங்கே அது பெரும் போதைப் பரவலாக மாறி, 1951இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

உடல் கொடுக்கும் விலையும் கொஞ்சமல்ல. உடலை உஷார்ப்படுத்தும் ரசாயனமான நோரட்ரினலினும் கூடவே பெருகுவதால் இதயம் தறிகெட்டு ஓடும், இரத்தக் குழாய்கள் இறுகும். இளவயதிலேயே பக்கவாதம் வரலாம், இதயத் தசை தளர்ந்துபோகலாம். வாய் வறண்டு, பற்களை நறநறவென்று கடித்து, இனிப்புப் பானங்களைக் குடித்துக்கொண்டே இருப்பதால் பற்கள் சொத்தையாகி உதிரும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். பல நாள் தூக்கமின்மையும் சேர்ந்தால், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயமும் காதில் குரல்களும் வரும்.

டோபமைன் வெள்ளம் ஓயாதபோது மூளை தற்காப்பில் இறங்குகிறது. டோபமைனை வாங்கும் ஏற்பிகள் குறைகின்றன, பம்புகளும் குறைகின்றன. மெத் நின்றபின் இருக்கும் கொஞ்ச டோபமைனைக் கேட்கவும் ஆள் இல்லை. பாட்டு, விளையாட்டு, குழந்தையின் மழலை எதுவும் உள்ளே தைக்காது. சுவரின் முதல் செங்கல் இதுதான். இரண்டாவதை எலிகள் காட்டிக்கொடுத்தன: போதைப்பொருளை நிறுத்தியபின் பழைய அடையாளங்களைப் பார்த்ததும் எழும் வேட்கை, முதல் சில வாரங்களில் தணிவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது.

அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001இல் வெளியிட்ட மூளைப் படங்கள் நம்பிக்கை தருபவை. ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்தவர்களிடம் டோபமைன் பம்புகள் கணிசமாகத் திரும்பியிருந்தன. ஆனால் நினைவாற்றல், உடலசைவுச் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் தெரியவில்லை.

அபின் வகைப் போதைக்குச் சிகிச்சையாக மெத்தடோன் இருப்பது போல, மெத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை கிடையாது. 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் போதை அடிமைத்தனத்துக்குத் தரப்படும் நால்ட்ரெக்சோன் ஊசியும் மனச்சோர்வு மாத்திரையான பியூப்ரோபியனும் சேர்த்துக் கொடுத்தபோது 13.6 சதவீதம் பேரிடம் பலன் தெரிந்தது. போலி மருந்து பெற்றவர்களில் அது 2.5 சதவீதம். உதவிதான், ஆனால் சிறிய உதவி.

இன்றைக்கு வலுவான ஆதாரம் இருக்கும் சிகிச்சை கேட்டால் சிரிப்பு வரும்: பரிசுச் சீட்டு. சிறுநீர்ச் சோதனையில் மெத் இல்லையென்றால், ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டுகளில் ‘சபாஷ்’ என்று மட்டும் இருக்கும், மீதியில் பெரும்பாலும் சின்னப் பரிசு, எங்கோ ஒன்றில் பெரிய பரிசு. தொடர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை கூடும்; தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. லஞ்சம் கொடுத்துத் திருத்துவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. ‘பத்து வருடம் கழித்து நன்றாக இருப்பாய்’ என்ற பேச்சு தேய்ந்துபோன டோபமைன் அமைப்புக்குக் காதில் விழாது. கையில் உடனே கிடைக்கும் சின்ன வெற்றி விழும். சிகிச்சையோடு எட்டு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களின் மூளையில் டோபமைன் ஏற்பிகள் கூடியதை ஒரு சிறிய ஆய்வு காட்டியிருப்பதும் இதே திசையில்தான்.

மேட்ரிக்ஸ் முறையில் நோயாளிக்கு ஒரு நாட்காட்டி தருகிறார்கள். மெத் தொடாத ஒவ்வொரு நாளிலும் ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். ‘தேனிலவுக் காலம்’ எனப்படும் அந்த அருமையான மாதம், சுவர், அதன் பின் வரும் நிதானம் என்று வழி முழுவதையும் ஆரம்ப வகுப்புகளிலேயே சொல்லிவிடுகிறார்கள். குடும்பத்தாருக்கும் தனியாக வகுப்பு உண்டு. ‘இனிப் பயமில்லை, பழைய ஆளாகிவிட்டான்’ என்று வீட்டில் பேசிக்கொள்ளும்போது, அந்த நாட்காட்டியில் அநேகமாக நாற்பது பொட்டுதான் இருக்கும்.